தேறல் வடிசாராயமா? நன்னன் நாட்டுச் சான்றுகளும் சங்ககால மது ஆக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் பயிலும் 'தேறல்' என்னும் சொல்லுக்குக் காய்ச்சி வடித்த மது எனப் பொருள் கொள்வது பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மது ஆக்கல், மணமூட்டல், முதிர்வித்தல், அரித்தல், பரிமாறல் ஆகியன பற்றிப் பத்துப்பாட்டிலும் அகநானூறு, புறநானூறு ஆகியவற்றிலும் உள்ள செய்திகள் ஒருங்குவைத்து நோக்கப்படுகின்றன. திருவண்ணாமலையைச் சூழ்ந்த பழைய நாடுகளின் சான்றுகளுக்கு முதன்மை தரப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தேறல், அரியல், பிழி, தோப்பி, மலைபடுகடாம், நடுகல், கெண்டி.

முன்னுரை

திருவண்ணாமலை நகரை ஒட்டிய வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. அதன் ஆட்சி எல்லைக்குள் அடங்கும் செங்கமே மலைபடுகடாம் போற்றும் நன்னன் சேய் நன்னனின் செங்கண்மா. அப்பாட்டில் வரும் நவிர மலை இன்றைய பர்வதமலையாகக் கருதப்படுகிறது. வேங்கிக்காலை நடுவாக வைத்துப் பார்த்தால் மேற்கே செங்கண்மாவும் அதற்கு அப்பால் அதியமானின் தகடூரும், தெற்கே மலையமான் காரியின் கோவலூரும், கிழக்கே ஓய்மானாடும், வடகிழக்கே இளந்திரையனின் கச்சியும் அமைகின்றன. சங்ககால மது பற்றிய குறிப்பிடத்தக்க சான்றுகள் பல இவ்வட்டத்திற்குள்ளேயே கிடைக்கின்றன.

மேலைநாட்டார் லிக்யூர் என வழங்கும் இனிப்பு மது, காய்ச்சி வடித்த சாராயத்தில் பழம், மலர், வேர், பட்டை முதலியவற்றின் சாரத்தை இறக்கி இனிப்புச் சேர்த்து ஆக்கப்படுவது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி அதில் குறைந்தது 15 விழுக்காடு மதுச்சாரமும், பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் இனிப்பும் இருத்தல் வேண்டும். மாவும் பலாவும் தேனும் கலந்து மூங்கிற் குழாயில் முதிர்ந்த குறிஞ்சி நிலத்து மதுவை வகுப்பறையில் விளக்குவோர்க்கு இவ்வொப்புமை எளிதில் கைகொடுக்கும். சுவையளவில் அது தவறன்று. ஆனால் ஒப்புமையோடு காய்ச்சி வடித்தலும் சங்ககாலத்திற்குள் சத்தமின்றி நுழைந்துவிடுகிறது. 'வடித்தல்' என்ற சொல் சோறு வடித்தலையும் சாராயம் வடித்தலையும் ஒருங்கே குறிப்பதால் இம்மயக்கம் மேலும் வலுப்பெறுகிறது.

பெயர்கள் சுட்டும் வினை

மதுவைக் குறிக்கும் சங்கச் சொற்களை மூலப்பொருளால் வகைப்படுத்துவதே வழக்கம்: தோப்பி நெல்லால் ஆனது, நறவு தேனால் ஆனது என்பது போல. இவ்வகைப்பாடு பாடல்களில் நிலைத்து நிற்பதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் இல்லத்தில் அடப்படும் தோப்பியை நெல்லாலான கள்ளாக உரை கொள்கிறது. அகநானூறு 348ஆம் பாடலிலோ தோப்பி என்பது மாங்கனியும் பலாச்சுளையும் தேனடையும் கலந்து விளைந்தது. அதே பாடல் அக்கலவையை அரியல் என்றும் சுட்டுகிறது.

பல பெயர்கள் பொருளைக் காட்டிலும் வினையையே சுட்டுகின்றன என்று கொண்டால் சிக்கல் குறைகிறது. பிழியப்பட்டது பிழி, அரிக்கப்பட்டது அரியல், தேறியது, அதாவது கசடு அடியில் தங்க மேலே தெளிந்து நின்றது, தேறல். தேனாலும் நெல்லாலும் பழத்தாலும் தேறல் உண்டாவதற்குக் காரணம் இதுவே. கௌடிலீயத்தின் அர்த்தசாத்திரம் கூறும் மது வகைகளுள் ஒன்றான 'பிரசன்னை'யும் தெளிந்தது என்றே பொருள்படும். தெளிவை மதுவின் உயர்நிலையாகக் கருதிப் பெயரிடும் மரபு தமிழுக்கு மட்டும் உரியதன்று.

சுனையில் விளைந்த தேறல்

தேறலுக்குக் கருவி தேவையில்லை என்பதற்குக் குறிஞ்சிப்பாட்டே சான்று. மிளகு உதிர்ந்து கிடக்கும் பாறைச்சுனையில் மாங்கனிகள் விழுகின்றன. தேனும் வந்து சேர்கிறது. பலாவின் கனிந்த பழம் நெகிழ்ந்து சொரிகிறது. இவையெல்லாம் சேர்ந்து விளைந்த தேறலை நீரென்று கருதிப் பருகிய மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் மகள் போலத் தளர்கிறது. கபிலர் இதனைத் தேறல் என்றே கூறுகிறார். அங்கே அடுப்பில்லை, கலமில்லை, ஆளுமில்லை. பழச்சருக்கரை தானே நொதித்துத் தானே தெளிந்திருக்கிறது. தேறல் என்பது காய்ச்சி வடித்ததாயின் இக்காட்சிக்குப் பொருளே இராது.

இச்சுனையையும் மேற்சுட்டிய அகநானூற்றுப் பாடலையும் இணைத்து நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். சுனையில் கலந்த மா, பலா, தேன் என்னும் மூன்றுமே குறவர் மூங்கிலில் நிரப்பிய மூன்று. மலை தற்செயலாகச் செய்ததை மனிதர் திட்டமிட்டுச் செய்தனர். முதிர்ந்ததை முதலில் மலைக் கடவுளுக்குப் படைத்து, பின் தழையுடுத்த மகளிர் ஊட்டப் பருகினர். பருகியவர்கள் தினைப்புனக் காவலை மறக்க, யானை தினையைக் கவர்ந்துகொண்டது. அதன் பின்னரே இளையரும் முதியரும் வில்லைத் தேடினர்!

மணமூட்டலின் இயல்பும் இங்கே தெளிவாகிறது. லிக்யூரில் ஆக்கப்பட்ட சாராயத்தினுள் மணப்பொருள் பின்னர் நுழைகிறது. குறவர் மதுவில் மணப்பொருளே மூலப்பொருள், அதுவே நொதிக்கிறது. தேனின் பங்கு தனியே கருதத்தக்கது. தேனில் நீர் மிகக் குறைவாதலால் அது அப்படியே நொதிப்பதில்லை. பழச்சாறோ நீரோ கலந்து இளக்கிய பின்னரே நொதிக்கும். சருக்கரை மிகுந்திருந்தால் நொதித்தல் இடையில் நின்று, எஞ்சிய இனிப்பு மதுவில் தங்கும். இனிமையும் கடுமையும் ஒருங்கே அமைந்த மதுவுக்குச் சாராயம் தேவையில்லை.

கச்சி வழியில் ஒரு சாடி

ஆக்கமுறையை அடிமுதல் கூறும் சான்று பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் குடியிருப்புப் பகுதியில் உள்ளது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். புற்றினுள் இருக்கும் குரும்பியை ஒத்த புறத்தையுடைய 'நல்லடை' அதனோடு கலக்கப்படுகிறது. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, வலிய வாயையுடைய சாடியில் இளமைத்தன்மை நீங்க முதிர்கிறது. பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு தருகின்றனர்.

உரை மரபு நல்லடையை இடித்த நெல்முளையாகக் கொள்கிறது. அரிசியின் மாப்பொருள் சருக்கரையாக மாறினாலன்றி நொதிக்காது. முளைக்கும் நெல்லில் அம்மாற்றத்தைச் செய்யும் நொதிகள் உண்டு. ஆகவே உரை அறிவியலுக்கும் இயைந்ததே. எனினும் உவமையை விட்டுவிடலாகாது. குரும்பி என்பது கறையான் புற்றினுள் நுண்துளைகளோடு இருக்கும் புற்றாஞ்சோறு. பூஞ்சை படர்ந்து வெளுத்தது. இடித்த முளையைவிட, முன்னரே பூஞ்சை பிடிக்கவிட்டு உலர்த்திய நொதி அடைக்கே இவ்வுவமை நெருக்கமானது. வடகிழக்கு இந்தியாவில் அரிசி மதுவுக்கு இன்றும் அத்தகைய அடைகளைப் பயன்படுத்துகின்றனர். அர்த்தசாத்திரம் கூறும் 'கிண்வ'மும் நொதிக்கச் செய்யும் சேர்பொருளே. நல்லடை என்னும் பெயரில் உள்ள 'அடை' இக்கோணத்தில் மீண்டும் ஆராயத்தக்கது.

இப்பகுதியில் வரும் 'வெந்நீர்' என்ற சொல்லைக்கொண்டு காய்ச்சி வடித்தலை நிறுவ எவரேனும் முயலலாம். அச்சொல்லை அடுத்து நிற்பன அரியலும் விரலால் அலைத்த பிழியுமே. ஆவியைக் குளிர்வித்துப் பெறும் நீர்மத்தை விரலால் பிழிய வேண்டியதில்லை.

கடுப்பும் காலமும்

எதிர்வாதத்திற்கு வலுச்சேர்ப்பவை மதுவின் கடுமை பற்றிய உவமைகள். தகடூர்ப் பொகுட்டெழினி அளித்த தேறலைத் தேள் கொட்டிய கடுப்புக்கு ஒப்பிடுகிறார் ஒளவையார் (புறம். 392). ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் அது சினந்த பாம்பாகிறது. இத்துணைக் கடுமை வெறும் நொதித்தலால் வருமா என்னும் வினா நியாயமானதே.

விடை அப்பாடல்களுக்குள்ளேயே உள்ளது. ஒளவையார் அத்தேறலை 'நாட்படு தேறல்' என்கிறார். கடுப்புக்குக் காரணம் நாள். அகநானூற்றில் பாம்பின் கடுப்பு மூங்கிலில் முதிர்ந்ததன் விளைவு. பாரியின் பறம்பு நாட்டில் மட்டு நிலத்தில் புதைத்து முதிர்விக்கப்படுகிறது (புறம். 120). மலைபடுகடாமும் நன்னன் மலையில் மூங்கிற் குழாயில் விளைந்த தேக்கள் தேறலையே கூறுகிறது. எங்கும் காலமும் மூடிய கலமுமே பேசப்படுகின்றன; நெருப்பு பேசப்படவில்லை. நொதித்தல் பொதுவாக 15 விழுக்காட்டளவில் நின்றுவிடும் என்பது உண்மை. ஆயினும் நாவில் உறைக்கும் கடுப்பு மதுச்சாரத்தால் மட்டும் வருவதன்று. முதிர்ச்சியில் பெருகும் புளிப்பும், மூடிய மூங்கிலினுள் அடங்கிய வளியும் கொட்டும் உணர்வைத் தரும்.

தட்சசீலத்திலும் சார்சத்தாவை அடுத்த ஷைகான் தெரியிலும் கிடைத்த மட்கலங்களைக்கொண்டு இந்தியாவே வடித்தலின் தாயகமாகலாம் என ரேமண்ட் ஆல்சின் 1979இல் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்பினும் அது வடமேற்கைப் பற்றியது. அதைத் தமிழ்ச் சொல்லொன்றின் பொருளுக்குச் சான்றாக்குதல் முறையன்று.

பரிமாறல்

நன்னன் மலைக்குச் செல்லும் கூத்தர் தேக்கள் தேறலைக் குறைவின்றிப் பருகி நறவால் மகிழ்வர். வைகறையில் எஞ்சும் மயக்கம் தீர, கடமான் இறைச்சியும் பலாவின் வித்தும் புளியும் மோரும் சேர்த்து ஆக்கிய மூங்கிலரிசிச் சோறு அவர்களுக்குக் கிடைக்கும். மது வழங்குவதோடு அதன் மறுநாளையும் எண்ணிய விருந்தோம்பல் அது. மருத நிலத்திலோ இளவெயில் நேரத்தில் களங்கள்தோறும் சாடியிலிருந்து தேறல் வார்க்கப்படுகிறது.

பொகுட்டெழினி தேறலை வழங்கிய பொற்கலம் கோள்மீன் போல் ஒளிர்ந்ததாம். அவன் தந்தை அதியமானைப் பற்றிய கையறுநிலையில் (புறம். 235) கள்ளின் அளவு பேசப்படுகிறது. கள் சிறிதாயின் முழுவதையும் பாணர்க்குத் தருவான். பெரிதாயின் அவர்கள் பாடத் தானும் உடனிருந்து உண்பான்.

நடுகல்லும் கெண்டியும்

மற்றொரு கையறுநிலையில் (புறம். 232) அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் அரித்த மதுவைச் சிறுகலத்தில் உகுக்கின்றனர். கொடையாகத் தந்த நாட்டையும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்பதே ஒளவையாரின் வினா. கோவலூர்க் காரியைக் குறிப்பிடும் அகநானூறு 35ஆம் பாடலில் நடுகல்லுக்குத் தோப்பிக் கள்ளும் செம்மறிப் பலியும் தரப்படுகின்றன. நன்னன் நாட்டு வழிகளிலும் பெயரோடு நட்ட கற்கள் பல என்கிறது மலைபடுகடாம்.

அவ்வழிகளில் பிற்காலத்தும் கற்கள் நடப்பட்டன. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' அவற்றை ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தியது. பல்லவர் காலத்தைச் சேர்ந்த இக்கற்கள் பலவற்றில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டுள்ளன. கெண்டி மூக்குள்ள கலம். கலங்கல் அடியில் தங்க, தெளிந்ததை மெல்லச் சாய்த்து வார்ப்பதற்கு ஏற்றது. நாரால் அரித்துச் சிறுகலத்தில் உகுத்த பழைய செயலுக்கும் கல்லில் நின்ற இக்கலத்திற்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன, நிலம் ஒன்றே. கெண்டியின் மூக்கமைப்பு, வயிற்றளவு, வீரனின் எப்பக்கத்தில் அது இடம்பெறுகிறது என்பவற்றைக் கல்தோறும் அளந்து, அகழாய்வுகளில் கிடைத்த மூக்குடைக் கலங்களோடு ஒப்பிடும் பணி மேற்கொள்ளப்பட வேண்டும்.