ஆய்வுகூடத்து மயக்க ஆவி: ஒரு வரலாற்று நோக்கு

விலங்கின் நோவைத் தணித்தற்பொருட்டு ஆய்வுகூடத்துட் புகுந்த மயக்க ஆவி, அதனருகே நின்ற மனிதனையும் தீண்டக்கூடும் என்பது கருத்திற் கொள்ளப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தன.

1846இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வில்லியம் மோட்டன் ஈதரின் துணையால் நோவற்ற சத்திரசிகிச்சைக்கு வழிசமைத்தார். அடுத்த ஆண்டிலேயே பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் புளூரன்ஸ் குளோரோபோமை விலங்குகளிற் பரிசோதித்தார். விலங்குவதைக்கு எதிராக எழுந்த குரலின் பயனாக, 1876ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம், சில விதிவிலக்குகளோடு, நோவு தரும் பரிசோதனைகளில் விலங்கை மயக்கத்தில் ஆழ்த்துமாறு விதித்தது. கருணையிற் பிறந்த சட்டம் அது. எனினும், விலங்கு சுவாசித்து எஞ்சிய ஆவி எங்கே செல்கிறது என்னும் வினாவை அது எழுப்பவில்லை.

அக்கால அச்சமெல்லாம் தீயைப் பற்றியதே. காற்றிலும் பாரமான ஈதராவி தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள சுடரிலும் பற்றிக்கொள்ளும். ஈதரூட்டிய விலங்கின் உடலைக் குளிரூட்டியில் வைத்தமையால் வெடிப்பு நேர்ந்ததும் உண்டு. 1951இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் சக்லிங் ஆக்கிய ஹலோதேன் 1956இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. அது தீப்பற்றாதது. தீயச்சம் நீங்கியபோது விழிப்பும் உடன் நீங்கிற்று எனலாம்.

1967இல் சோவியத்து ஆய்வாளர் வைஸ்மன் மயக்கமருந்து வைத்தியர்களிடையே நடத்திய ஆய்வே இவ்வமைதியைக் கலைத்தது. 31 கருத்தரிப்புகளுள் 18 கருச்சிதைவில் முடிந்தன என அவர் அறிவித்தார். தொகை சிறிது, நீண்ட வேலைநேரம் முதலிய பிற காரணங்களும் உடனிருந்திருக்கலாம். ஆதலின் அவ்வெண்களை முடிந்த முடிபாகக் கொள்ளல் தகாது. ஆயினும் ஐயம் எழுந்துவிட்டது. 1977இல் ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவகம் ஹலோதேன் போன்ற ஆவிகளுக்கு மில்லியனில் 2 பங்கு, நைதரசு ஒட்சைட்டுக்கு 25 பங்கு என வரம்புகளை விதந்துரைத்தது. மணம் நாசியை எட்டும்போது செறிவு இவ்வரம்பைப் பன்மடங்கு கடந்திருக்கும். மூக்கு நம்பத்தக்க சாட்சியன்று.

விலங்காய்வுகூடத்தின் இடர் தனித்தன்மை வாய்ந்தது. மனித நோயாளியின் மூச்சுக்குழலில் இறுகப் பொருந்தும் குழாயைச் செலுத்தலாம். எலிக்கோ பெரும்பாலும் தளர்ந்த சிறு முகமூடியே. மயக்கப் பெட்டியின் மூடியைத் திறக்குந்தோறும் உள்ளிருந்த ஆவி குனிந்து நிற்பவரின் முகத்திற் படும். எனவே, திறக்குமுன் பெட்டியினூடு தூய ஒட்சிசனைச் செலுத்தி, வெளியேறும் ஆவியை உறிஞ்சுகுழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே போக்குவர். ஏவப்பட்ட கரி நிரப்பிய கலம் ஹலோதேன், ஐசோபுளூரேன் ஆகியவற்றைப் பிடித்துவைக்கும். நைதரசு ஒட்சைட்டைப் பிடியாது. கரி நிறைந்துவிட்டமையைக் கண்ணாற் காணவியலாது. ஒவ்வொரு பயன்பாட்டின்போதும் கலத்தை நிறுத்து, கூடிய நிறையை அதன்மேலேயே எழுதிவைத்து, மாற்றவேண்டிய வேளையை அறிவர்.