தகடூர் நெல்லிக்கனியும் வைட்டமின் சி கணக்கும்

தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. அதியமான் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்த நெல்லிக்கனி (புறநானூறு 91) எல்லோருக்கும் தெரிந்ததே. ஆயுளுக்கு ஒரே கனி! ஆனால் ஒரு நாளைக்கு எவ்வளவு வைட்டமின் சி வேண்டும்?

1944ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், போரில் சேர மறுத்த சிலர் மாதக்கணக்கில் அது இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஈறு வீங்கியது, காயம் ஆறவில்லை. தினம் 10 மில்லிகிராம் கொடுத்ததும் சரியானது. 1970ல் லைனஸ் பாலிங் ஜலதோஷத்துக்குக் கிராம் கணக்கில் விழுங்கச் சொன்னார். இரண்டு நோபல் வாங்கியவர் என்பதால் உலகமே நம்பியது. பிறகு நடந்த ஆய்வுகளில் சளி பிடிப்பது குறையவில்லை. மிச்சம் சிறுநீரில்தான் போனது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2010ல் 40 மில்லிகிராம் என்றது. 2020ல் ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 ஆக்கியது. பெரிய நெல்லிக்காய் ஒன்றே கிட்டத்தட்ட அவ்வளவு தரும். மருந்துக்கடை மாத்திரையில் இருப்பதோ 500.