ஒன்பது நாள் ஆரவாரம், பதினான்கு மாதக் காத்திருப்பு: செர்ன் பெருமோதியின் தொடக்க வரலாறு

2008 செப்டம்பர் 10 அன்று, ஜெனீவா நேரப்படி காலை 10:28 மணிக்கு, ஸ்விட்சர்லாந்து–பிரான்ஸ் எல்லைக்கு அடியில் உள்ள பெருமோதி என்ற துகள் மோதல் இயந்திரத்தின் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்தைப் புரோட்டான் கற்றை ஒன்று முதன்முறையாக முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. செர்ன் ஆய்வகத்தின் கட்டுப்பாட்டு அறைத் திரையில் இரண்டு புள்ளிகள் தோன்றின. திட்டத் தலைவர் லின் எவன்சைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினர். பிபிசியின் நான்காம் வானொலி அந்த நாளையே ‘பெருவெடிப்பு நாள்’ என்று பெயரிட்டுக் கொண்டாடியது. கூகுள் தன் முகப்புச் சித்திரத்தை மாற்றியது. ஒன்பதாம் நாள் இயந்திரம் நின்றது. மீண்டும் அதில் கற்றை ஓடப் பதினான்கு மாதங்கள் ஆயின.

இந்த ஆரவாரம் எப்படித் திரண்டது, பழுது அதை என்ன செய்தது என்பதை ஆராய 1993-இலிருந்து தொடங்க வேண்டும். டெக்சஸ் மாநிலம் வாக்சஹாச்சியில் அமெரிக்கா கட்டத் தொடங்கிய 87 கிலோமீட்டர் சுற்றளவு மீகடத்தி மோதியை அந்நாட்டு நாடாளுமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் கைவிட்டது. அதற்குள் சுமார் 23 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டப்பட்டு, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவாகியிருந்தது. வரி கொடுக்கும் மக்களிடமும் அவர்களின் பிரதிநிதிகளிடமும் ஆதரவு வற்றினால் எவ்வளவு பெரிய அறிவியல் திட்டமும் பாதியில் நின்றுபோகும் என்பதைத் துகள் இயற்பியலாளர்கள் அப்போது நேரில் கண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் செர்ன் மன்றம் பெருமோதிக்கு ஒப்புதல் அளித்தது. புதிய சுரங்கம் தேவைப்படவில்லை. லெப் என்ற பழைய எலக்ட்ரான் மோதியின் சுரங்கமே போதும். ஆனால் இடத்தைக் காலி செய்ய, நெடுநாளாகத் தேடப்பட்டுவந்த ஹிக்ஸ் துகளின் சாயல் தெரிவதாகச் சிலர் வாதாடிக்கொண்டிருந்தபோதே, 2000 நவம்பரில் லெப் நிறுத்தப்பட்டது. இத்தனை விலை கொடுத்துப் பெற்ற இயந்திரத்தின் முதல் ஓட்டத்தைக் கேமராக்களின் முன் நடத்தினார்கள். என் பார்வையில் அது துணிச்சலான, நேர்மையான முடிவு.

ஆனால் மக்களுக்குச் சொல்லப்பட்டதும் அவர்கள் புரிந்துகொண்டதும் ஒன்றாக இல்லை. அன்று மோதல் எதுவும் நடக்கவில்லை. கற்றைகள் 0.45 டெரா எலக்ட்ரான் வோல்ட் என்ற நுழைவு ஆற்றலில்தான் சுற்றின. நாளிதழ்களோ பிரபஞ்சப் பிறப்பையே மறுபடி நிகழ்த்தப்போவதாக எழுதின. அச்சமும் உடன் வளர்ந்தது. கருந்துளை உருவாகிப் பூமியை விழுங்கும் என்று அவ்வாண்டு மார்ச்சில் ஹவாயில் வழக்கே தொடுக்கப்பட்டது. செப்டம்பர் இறுதியில் அது தள்ளுபடியானது. மோதியின் மோதல்களைவிடப் பல மடங்கு ஆற்றல் மிக்க அண்டக் கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமியைத் தாக்கியும் ஒன்றும் நேரவில்லை என்று செர்னின் பாதுகாப்பு அறிக்கை ஜூன் மாதமே விளக்கியிருந்தது. அந்த விளக்கம் எடுபடவில்லை. இந்தியச் செய்தித் தொலைக்காட்சிகள் சிலவும் ‘உலகம் அழியுமா’ என்று கேட்டுக்கொண்டிருந்தன. மோதியின் காந்தங்களைத் தாங்கி நின்ற துல்லிய ஜாக்கிகள் இந்தியாவிலிருந்து போனவை என்பது அந்த இரைச்சலில் பலருக்கு எட்டவே இல்லை.

பழுது நேர்ந்த விதம் கவனமாகப் படிக்கத் தக்கது. மோதியில் 1,232 இருமுனைக் காந்தங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை. திரவ ஹீலியத்தால் 1.9 கெல்வினுக்குக் குளிர்விக்கப்படும் அவற்றின் கம்பிச்சுருள்கள் மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும். காந்தத்துக்குக் காந்தம் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் இணைப்புகள் பல்லாயிரம். ஒவ்வொன்றும் பற்றவைத்து மூட்டப்பட்டது. சுரங்கத்தின் எட்டுப் பகுதிகளில் 3-4 என்ற பகுதிக்கு மட்டும் உயர் மின்னோட்டச் சோதனை பாக்கி இருந்தது. செப்டம்பர் 19 காலை அங்கே மின்னோட்டத்தை 9,300 ஆம்பியருக்கு உயர்த்த முயன்றனர். 8,700 ஆம்பியரில் ஓர் இணைப்பு அறுந்து மின்பொறி பாய்ந்தது. ஹீலியத்தைச் சூழ்ந்த உறை துளைபட்டது. வெற்றிடக் கூட்டுக்குள் பீறிட்ட ஹீலியத்தைப் பாதுகாப்பு வால்வுகளால் வெளியேற்ற முடியவில்லை. அவை வடிவமைக்கப்பட்டது நொடிக்கு 2 கிலோவுக்கு. வந்ததோ அதைப் போல் சுமார் பத்து மடங்கு. அழுத்தத்தில் கனத்த காந்தங்கள் தரைப் பிடிமானத்தைப் பெயர்த்துக்கொண்டு நகர்ந்தன. சுமார் 6 டன் ஹீலியம் போயிற்று. 53 காந்தங்களை மேலே தூக்கவேண்டி வந்தது.

இத்தனைக்கும் மூலம் அந்த ஒரு மூட்டில் இருந்த சுமார் 200 நானோ ஓம் மின்தடை. அதிலிருந்து எழுந்த வெப்பம் ஒரு சிறு விளக்கின் வெப்பத்தைவிட மிகுதி இல்லை. செப்டம்பர் 15 அன்றே, குறைந்த மின்னோட்டத்தில், அதே இடத்தில் வெப்பநிலை சற்றுக் கூடியது பதிவாகியிருந்தது. விபத்துக்குப் பிறகு பதிவுகளை அலசியபோதுதான் அது கண்ணில் பட்டது. கொண்டாட்டம் இந்தப் பழுதை உண்டாக்கவில்லை. நுழைவு ஆற்றலில் சுற்றிய கற்றைக்கு அவ்வளவு மின்னோட்டமே தேவைப்படாததால், அந்த வெற்றி நாளில் மூட்டின் குறை வெளிப்பட வழியே இல்லை. எனவே ‘இயந்திரம் தயார்’ என்று உலகம் அன்று எடுத்துக்கொண்ட பொருள் தவறு.

செர்ன் நடந்துகொண்ட விதம் பாராட்டத் தக்கது. அக்டோபர் நடுவிலேயே இடைக்கால ஆய்வறிக்கை வெளியானது. அக்டோபர் 21 அன்று, நின்றுபோன இயந்திரத்துக்கு ஏற்கெனவே குறித்தபடி திறப்பு விழாவும் நடந்தது. மூட்டுகளை நானோ ஓம் அளவில் கண்காணிக்கும் அமைப்பு பொருத்தப்பட்டது, வால்வுகள் கூட்டப்பட்டன. ஆனால் வெளியே கேலி பெருகியது. ஹிக்ஸ் துகள் உருவாவதை எதிர்காலமே தடுக்கிறது என்று நீல்சன், நினோமியா என்ற இரு கோட்பாட்டாளர்கள் எழுதியது 2009 அக்டோபரில் பத்திரிகைச் செய்தியானது. நவம்பரில் தரைக்கு மேலே இருந்த மின்சாதனத்தில் பறவை போட்ட ரொட்டித் துண்டு விழுந்து குளிரூட்டல் தடைபட்டதாக வந்த செய்தி வேகமாகப் பரவியது.

2009 நவம்பர் 20 அன்று கற்றை மறுபடி ஓடியது. 23-இல் முதல் மோதல். 2010 மார்ச் 30 அன்று 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதல். திட்டமிட்டதில் அது பாதிதான். மூட்டுகள் முழுதும் நம்பகமாகும்வரை முழு ஆற்றலுக்குப் போகவேண்டாம் என்று பொறியாளர்கள் உறுதியாக இருந்தார்கள். அந்தப் பொறுமையே பலன் தந்தது. 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் 7, 8 டெரா எலக்ட்ரான் வோல்ட் மோதல்களில் கிடைத்தது. அதற்குப் பிறகுதான், 2013 முதல் 2015 வரை நீண்ட நிறுத்தத்தில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வலுப்படுத்தப்பட்டன.

ஆரவாரத்தின் இன்னொரு வடிவம் 2015 டிசம்பரில் வந்தது. தரவில் 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே, புதிய துகளின் அறிகுறிபோல், ஒரு சிறு மேடு தெரிந்தது. எட்டு மாதங்களில் நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. கூடுதல் தரவு வந்ததும், 2016 ஆகஸ்டில், மேடு மறைந்தது. இம்முறை ஏமாந்தவர்கள் வல்லுநர்களே. முன்னதைப் போலவே இதுவும் ஒளிவின்றி அறிவிக்கப்பட்டது.

பெருமோதி வடிவமைக்கப்பட்டது 14 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு. 2022 ஜூலையில் மூன்றாம் ஓட்டம் தொடங்கியபோது அது எட்டிய ஆற்றல் 13.6.