நாவலுக்குள் நுழைந்த நிகழ்காலம்

2010-ஆம் ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் ஆறு நாவல்கள் இருந்தன. அவற்றில் மூன்று நிகழ்காலத்தில் எழுதப்பட்டவை. ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மனுக்கு அது பொறுக்கவில்லை. 'வந்தான், போனாள்' என்று சொல்லவேண்டிய கதையை எதற்கெடுத்தாலும் 'வருகிறான், போகிறாள்' என்று எழுதினால் மூச்சு முட்டுகிறது என்பது அவர் கட்சி. புதுமோகம் என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் அந்த மோகத்துக்கு அப்போதே வயது 270.

லண்டனில் அச்சகம் நடத்திவந்த சாமுவேல் ரிச்சர்ட்சனிடம் புத்தக வியாபாரிகள் இருவர் மாதிரிக் கடிதத் தொகுப்பு ஒன்று கேட்டார்கள். அந்த வேலைக்கு நடுவே பிறந்த நாவல் 'பமேலா' (1740). எஜமானனின் தொல்லையை வேலைக்காரப் பெண் பெற்றோருக்குக் கடிதமாக எழுதுகிறாள். நடந்ததைச் சொல்லிக்கொண்டே வருபவள், யாரோ வரும் சத்தம் கேட்டதும் சட்டென நிகழ்காலத்துக்குத் தாவிவிடுவாள். எழுத்தாளர் ஹென்றி ஃபீல்டிங் சும்மா விடுவாரா? மறு ஆண்டே 'ஷமேலா' என்று கேலிநூல் எழுதினார். அதன் நாயகி படுக்கையில் கிடந்தபடி, எஜமானன் கதவைத் திறந்து வருவதையும் எழுதுகிறாள். தான் நிகழ்காலத்தில் எழுதுவதாகப் பீற்றிக்கொள்ளவும் செய்கிறாள்!

அந்தச் சிரிப்பு அடங்கி நூறாண்டுக்குப் பின் டிக்கன்ஸ் வந்தார். 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதப் பகுதிகளாக வெளிவந்த 'பிளீக் ஹவுஸ்' நாவலுக்கு 67 அத்தியாயங்கள். ஏறக்குறைய பாதியை எஸ்தர் என்ற பெண், எல்லாம் முடிந்து ஏழாண்டு கழித்து, இறந்தகாலத்தில் சொல்கிறாள். மீதியைப் பெயரில்லாத ஒரு குரல் நிகழ்காலத்தில் சொல்கிறது. லண்டன் பனிமூட்டத்தை விவரிக்கும் தொடக்கத்தில் பெரும்பாலான வாக்கியங்களுக்கு வினைமுற்றே கிடையாது. நாவலில் தலைமுறைகளாக இழுபடும் சொத்து வழக்கு 'நடந்தது' ஆவது எப்படி? அது நடந்துகொண்டே இருக்கிறது. மனிதர்களுக்கு இறந்தகாலம், நீதிமன்றத்துக்கு முடிவில்லாத நிகழ்காலம். காலத்தேர்வையே கதையாக்கியதில் டிக்கன்ஸை மிஞ்சியவர் இல்லை.

பிறகு சினிமா வந்தது. எழுத்தாளர் ஜான் அப்டைக், நிகழ்காலத்தில் எழுதிய 'ராபிட், ரன்' (1960) நாவலை முதலில் ஒரு திரைப்படமாகவே மனத்தில் ஓட்டிப் பார்த்தார். ஜாய்ஸ் கேரியின் 'மிஸ்டர் ஜான்சன்' அவருக்கு முன்னோடி. அதுவும் நிகழ்கால நாவல்தான்.

சரித்திர நாவலில் இதைத் துணிந்து செய்தவர் ஹிலரி மான்டெல். எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் தலை 1540-இல் வெட்டப்பட்டது வாசகருக்குத் தெரியும். மான்டெலின் 'வுல்ஃப் ஹால்' (2009) நாவலில் வரும் கிராம்வெல்லுக்குத் தெரியாது. இறந்தகாலத்தில் எழுதியிருந்தால் அந்த அறியாமை இவ்வளவு உறைத்திருக்காது. அந்நாவல் புக்கர் வென்றது. புல்மன் குறைப்பட்ட பின்னும் மான்டெல் மாறவில்லை. அடுத்த பாகமும் நிகழ்காலத்திலேயே வந்தது, 2012-இல் அதே பரிசை மறுபடியும் வாங்கியது.