துக்கடாவை நடுவில் வைத்தவர்

தை மாசம் பிறந்தால் போதும், அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தெற்கே போகிற சாலையில் பச்சை உடுத்திய கூட்டம் திருச்செந்தூரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடும். ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நடக்கிற கால்தான் தாளம். ஒரே அடி சுற்றிச் சுற்றி வரும். களைப்பு ஏற ஏறக் குரலும் ஏறும். பங்குனிப் பொங்கலில் தீச்சட்டி எடுக்கிறவர்களுக்கு முன்னால் உறுமியும் பம்பையும் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 'சாமி வந்துருச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

2011இல் இந்தச் சங்கதியை எடுத்துக்கொண்டு ஒரு ஆல்பம் வந்தது. பெயர் 'வேல்'. பாடியவர் லண்டனில் பிறந்த சுசீலா ராமன். அதில் 'பால்' என்றொரு பாட்டு, 'என்னப்பனே' என்று இன்னொன்று. முருகனைக் கூப்பிடும் குரலுக்குப் பின்னால் மின்கிதார் உறுமிக்கொண்டே போகும். 'கிழக்கும் மேற்கும் சந்தித்த இசை' என்று ஒரு வரியில் இதை அடைத்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அவருடைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் வேறொரு கதை தெரிகிறது. அவர் கடந்த பெரிய தூரம் லண்டனுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் இல்லை. தமிழ் இசைக்குள்ளேயே சபாவுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் அந்த மேற்கத்திய வகைமையைப் பார்த்துவிடலாம். 'சைக்கடெலிக்' என்ற சொல்லை 1956இல் உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில். கிரேக்க வேரின்படி 'மனதைப் புலப்படுத்துவது' என்று பொருள். பத்து வருஷத்துக்குள் அது இசைக்கான பெயராகவும் ஆகிவிட்டது. இந்தியா அதற்குள் வந்த விதம் சுவாரசியமானது. 1965 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் தங்கிய 'கிங்க்ஸ்' குழுவின் ரே டேவிஸ், காலையில் வேலைக்குப் போகிற மீனவர்கள் பாடிக்கொண்டு போவதைக் கேட்டார். அந்த ரீங்காரம் மனசில் நின்று, அதே வருஷம் 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' பாட்டானது. டிசம்பரில் வெளிவந்த பீட்டில்ஸின் 'நார்வீஜியன் வுட்'டில் ஜார்ஜ் ஹாரிசன் சித்தார் வாசித்திருந்தார். அதற்குப் பிறகு இந்தியா என்றால் சித்தார், சித்தார் என்றால் ரவிசங்கர் என்று ஆயிற்று. மீனவர்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

1967 ஜூனில் மான்டரே விழாவில் வாசித்த ரவிசங்கருக்கு அந்தக் காலத்து ரசிகர்களின் போதைப்பழக்கம் பிடிக்கவே இல்லை. ராகம் என்பது வருஷக்கணக்கான பயிற்சி, ஒழுக்கம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பயிற்சி பெற்ற மேடை இசை ஒரு பக்கம், போதையில் கேட்கிற கூட்டம் மறுபக்கம் என்ற அந்தப் படத்தில் மூன்றாவதாக ஒன்றுக்கு இடமே இல்லை. போதையே இல்லாமல், சுருதியையும் தாளத்தையும் நடையையும் மட்டும் வைத்துக்கொண்டு தன்னை மறக்கிற மரபு ஒன்று உண்டு. நம்ம ஊர்ச் சாலைகளில் அது நடந்துகொண்டுதான் இருந்தது.

கரிசலில் அதற்கு எழுத்து வடிவமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தைச் சேர்ந்த அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன்மேல் 'காவடிச்சிந்து' பாடினார். ஊற்றுமலை ஜமீன்தார் காவடி எடுத்து நடந்தபோது வழிநெடுகப் பாடியது என்று சொல்வார்கள். காவடி தூக்கியவனின் குதிப்பு மெட்டிலேயே இருக்கிறது, செஞ்சுருட்டி ராகமும் இருக்கிறது. நாட்டார் நடையையும் ராகத்தையும் 'கலந்தார்' என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவை பிரிந்தே இருக்கவில்லை. முப்பது வயதை எட்டுமுன் அவர் இறந்துபோனார். பின்னாளில் அந்த நூலைப் பதிப்பித்தவர் இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி. அவருடைய ஊர்த்தோழர் கி. ராஜநாராயணன் இசை கற்றதோ விளாத்திகுளம் சுவாமிகளிடம். சாகித்யமே இல்லாமல் ராகத்தை மணிக்கணக்கில் பாடுவார் என்று பெயர்பெற்றவர் அந்தச் சுவாமிகள்.

ஆனால் சென்னையில் சபாக்கள் வளர்ந்தபோது ஒரு வரிசை உருவானது. வர்ணம், கீர்த்தனை, ராகம் தானம் பல்லவி என்று போய், கச்சேரி முடிகிற நேரத்தில் 'துக்கடா'வாகக் காவடிச்சிந்து வரும். பெரியவர்கள் செருப்பைத் தேடுகிற நேரம் அது. உறுமிக்கும் பம்பைக்கும் அந்த இடம்கூடக் கிடைக்கவில்லை.

சுசீலா ராமன் தொடங்கியது இந்த வரிசையின் மேல்பக்கத்திலிருந்துதான். 1973இல் பிறந்தார். பெற்றோர் தஞ்சாவூர்த் தமிழர்கள். அவருக்கு நாலு வயதிருக்கும்போது குடும்பம் ஆஸ்திரேலியா போனது. சின்ன வயதிலேயே கர்நாடக இசை கற்று மேடையில் பாடினார். பதின்வயதில் சிட்னியில் ராக் குழு ஆரம்பித்தார். 1995இல் இந்தியா வந்து ஸ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி கற்றார். 1997இல் இங்கிலாந்து திரும்பி, கிதார் கலைஞரும் தயாரிப்பாளருமான சாம் மில்ஸுடன் வேலை செய்யத் தொடங்கினார். மில்ஸ் அதற்கு முன்பே வங்காளத்தின் பபன் தாஸ் பாவுலோடு 'ரியல் சுகர்' ஆல்பம் செய்தவர். பாவுல்களின் தெருப்பாட்டு அவருக்குப் பழக்கம்.

2001இல் வந்தது 'சால்ட் ரெயின்'. தியாகராஜரின் 'நகுமோமு' இருக்கிற அதே ஆல்பத்தில் டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்' இருக்கிறது. எழுபதில் வெளிவந்த, சைக்கடெலிக் நாட்டார் பாணியின் முக்கியமான பாட்டு அது. ஆல்பம் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2002இல் பிபிசி ரேடியோ 3 அவருக்கு 'வேர்ல்ட் மியூசிக்' பிரிவில் புதுமுக விருது தந்தது. இந்தப் பெயர் 1987இல் லண்டன் மதுக்கூடம் ஒன்றில் சிறு இசை நிறுவனக்காரர்கள் கூடி முடிவு செய்தது. கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. லண்டனிலேயே பிறந்தவரின் ஆல்பமும் கடைசியில் அந்த அலமாரிக்குத்தான் போனது.

அந்த அலமாரி எதிர்பார்த்தது இன்னும் நாலு கீர்த்தனைகளை, மென்மையான கிதாரோடு. 2003இல் 'லவ் ட்ராப்', 2005இல் சென்னையிலும் பதிவு செய்யப்பட்ட 'மியூசிக் ஃபார் க்ரொகடைல்ஸ்', 2007இல் ராக் பாட்டுகளை மறுபடி பாடிய '33 1/3' என்று அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து, கோவை கமலா என்ற பக்திப் பாடகியிடம் போய் உட்கார்ந்தார். அது சபா குரு அல்ல. முருகன் பாட்டை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டுப் பாடுகிற குரல். அதிலிருந்து பிறந்ததுதான் 'வேல்'.

முதல் ஆல்பத்தில் ராகம் கீர்த்தனை வழியாக வந்தது. பத்து வருஷம் கழித்துக் காவடி வழியாக வருகிறது. துக்கடாவாக இருந்தது ஆல்பத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. இதற்கு ராக் அவருக்கு உதவியது என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே அடி, மேலேறும் குரல், கிழிகிற ஒலி எல்லாம் சபாவின் காதுக்குக் குறை. ராக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதுதான் இசையே. சிட்னியில் பழகிய காது, தஞ்சாவூர் வீடு தராத ஒன்றைத் தமிழ்நாட்டுத் தெருவில் அடையாளம் கண்டுகொண்டது.

இதில் ஒரு உறுத்தலும் இருக்கிறது. லண்டன் மேடையில் பாடினால் சைக்கடெலிக், நம்ம தெருவில் அடித்தால் கொடைச் சத்தம். உறுமியும் பறையும் வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கோயில் விழா, சாவு வீடு, தேர்தல் ஊர்வலம் என்று அலைந்து கிடைக்கிற கூலிதான் அவர்களுக்கு வருமானம். இப்போது பல ஊர்களில் அந்த இடத்தைச் செண்டை மேளமும் டிஜே பெட்டியும் பிடித்துக்கொண்டன. சுசீலா ராமன் தனக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரைச் சொன்னார். அந்த நாணயம் முக்கியம். ஆனால் ஒரு கலைஞரின் நாணயத்தால் மட்டும் உறுமிக்காரருக்குக் கூலி கூடாது. அது நம்ம ஊர் விழாக் கமிட்டி கையில் இருக்கிறது.

அவர் அங்கேயும் நிற்கவில்லை. 2014இல் 'குயின் பிட்வீன்' ஆல்பத்துக்காக ராஜஸ்தானி, பாகிஸ்தானிக் கலைஞர்களோடு சேர்ந்தார். 2018இல் 'கோஸ்ட் கேமலான்', ஜாவாவின் கேமலான் இசையோடு. ஒருநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'நகுமோமு'வையும் 'பால்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நடுவில் இருப்பது பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் அவர் தேடிப்போன சத்தம், வருகிற தையில் பந்தல்குடி சாலையில் டிக்கெட் இல்லாமல் கேட்கும்.