சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்த மூன்று இசைத்தட்டுகள்



வங்கியில் 'சஸ்பென்ஸ் கணக்கு' என்று ஒன்று உண்டு. வந்த பணத்தை யார் பெயரில் வரவு வைப்பது என்று உடனே தெரியாவிட்டால், தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். டீனா புரூக்ஸ் என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது.

பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். இயற்பெயர் ஹரால்டு ஃபிலாய்ட் புரூக்ஸ். சிறு வயதில் பொடியனாக இருந்ததால் வந்த பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1932-இல் வட கரோலினா மாநிலத்தின் ஃபேயட்வில் நகரில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்தார். வாசித்தது டெனர் சாக்ஸபோன்.

ஜாஸ் இசைக்குப் பெயர்போன புளூ நோட் நிறுவனம், 1958 முதல் 1961 வரை, அவர் தலைமையில் நான்கு இசைத்தட்டுகளுக்கான பாடல்களைப் பதிவு செய்தது. இடையில் மற்றவர்களுக்கும் வாசித்தார். 1960 ஜூன் 19 அன்று டிரம்பெட் கலைஞர் ஃபிரெடி ஹப்பார்டின் 'ஓப்பன் செசமி' தட்டில் வாசித்தார். அதன் தலைப்புப் பாடலை இயற்றியவரும் அவரே. ஆறே நாளில், ஜூன் 25 அன்று, ஹப்பார்டைக் கூட வைத்துக்கொண்டு தம்முடைய 'ட்ரூ புளூ'வைப் பதிவு செய்தார்.

நான்கு தட்டுகளில் அவர் கண்ணால் பார்த்தது இந்த ஒன்றைத்தான். 'பேக் டு த டிராக்ஸ்' தட்டுக்கு 4052 என்று வரிசை எண்கூடக் கொடுத்துவிட்டார்கள். தட்டு மட்டும் கடைக்கு வரவில்லை. மற்ற இரண்டும் அலமாரியிலேயே தங்கிவிட்டன. 1961-க்குப் பிறகு புதிய பதிவு எதுவும் அவர் செய்யவில்லை. ஹெராயின் பழக்கம் உடம்பை அரித்துவிட்டது. 1974-இல், 42 வயதில், காலமானார்.

1985-இல் மொசைக் நிறுவனம் அவருடைய நான்கு பதிவுகளையும் ஒரே பெட்டியாக வெளியிட்டது. இன்று உலகெங்கும் ஜாஸ் ரசிகர்கள் அவற்றைத் தேடித்தேடிக் கேட்கிறார்கள். சஸ்பென்ஸில் இருந்த தொகை உரியவர் பெயருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் வாங்கிக்கொள்ள அவர் இல்லை, பதினோரு வருடம் தாமதம்.

ஒரு மாலை நேரம் ஒதுக்கி 'ட்ரூ புளூ'வைக் கேட்டுப் பாருங்கள். கேட்டு முடித்ததும், நன்றாகச் செய்தும் நீங்கள் இன்னும் பாராட்டாத யாராவது நினைவுக்கு வந்தால், அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த வரவை மட்டும் சஸ்பென்ஸில் போட்டு வைக்காதீர்கள்.