அவசரகால நிதியும் அறிக்கையிடற் கடப்பாடும்: ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளின் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்று மாணவர் போர்களையும் புரட்சிகளையும் அரச கட்டளைகளையும் ஆராயுமளவிற்குக் கணக்கேடுகளை ஆராய்வதில்லை. கணக்கேடு கணக்காளருக்குரியது என ஒதுக்கிவிடுவதே எமது வழக்கமாகும். ஆயின், ஓர் அரசு தன் மக்களுக்கு அளித்த வாக்குறுதி எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதை அறிவதற்குச் சட்டத்தின் வாசகத்திலும் பார்க்க, அச்சட்டத்தின்படி செலவிடப்பட்ட பணத்தைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகளே கூடிய பயனுடைய சான்றுகளாகும். 2020 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சமஷ்டி அரசிடமிருந்து பெற்ற அவசரகால நிதியையும், அந்நிதி பற்றி அவை அறிக்கையிட்ட முறையிற் கணக்காய்வாளர் கண்ட உள்ளகக் கட்டுப்பாட்டுக் குறைபாடுகளையும் இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி மாணவருக்குச் சமஷ்டி அரசு அவசர உதவி வழங்கும் வழக்கம் கொரோனாத் தொற்றுடன் தோன்றியதன்று. 1929 இல் ஆரம்பித்த பெரும் பொருளாதார வீழ்ச்சியினாற் பல்லாயிரம் மாணவர் படிப்பைக் கைவிடும் நிலை ஏற்பட்டபோது, பிராங்ளின் றூஸ்வெல்ற் ஆட்சியில் நிறுவப்பெற்ற சமஷ்டி அவசர நிவாரண நிர்வாகம், 1933 இன் இறுதியில் மினெசோற்றாப் பல்கலைக்கழகத்திற் பரீட்சார்த்தமாகவும், 1934 பெப்ரவரி தொடக்கம் நாடளாவிய முறையிலும் மாணவருக்குப் பகுதிநேர வேலை வழங்கியது. ஒரு கல்லூரியின் முழுநேர மாணவருள் நூற்றுக்குப் பத்துப்பேர் சராசரி மாதம் 15 டொலர் பெறத்தக்க அளவில் அத்திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. 1935 யூன் மாதத்தில் அப்பணியை ஏற்ற தேசிய இளைஞர் நிர்வாகம் 1943 வரை அதனை நடத்தியது. இவ்வுதவி கூலியாகவே வழங்கப்பட்டமை ஈண்டு கருதற்பாலது. மாணவன் நூலகத்திலோ ஆய்வுகூடத்திலோ வேலை செய்தான். அவன் வேலை செய்த நேரம் எழுதப்பட்டது. அந்நேரக்குறிப்பே பணம் கொடுத்தமைக்கும் ஆதாரமாயிற்று. உதவியின் வடிவமே கணக்கையும் தன்னுள் அடக்கியிருந்தது எனலாம். (ரெக்சாஸ் மாநிலத்தில் 1935 முதல் 1937 வரை இந்நிர்வாகத்தின் பணிப்பாளராயிருந்த இளைஞரான லிண்டன் ஜோன்சன், பின்னர் சனாதிபதியாகி, 1965 நவம்பர் 8 ஆம் நாள் உயர்கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதற்கு அவர் தெரிந்தெடுத்த இடம் சான் மார்க்கஸ் நகரில் தாம் பயின்ற கல்லூரியாகும்.)

இரண்டாம் உலகப் போரின் முடிவில் வந்த அனுபவம் வேறு வகையினது. 1944 ஆம் ஆண்டின் படைவீரர் மீளமர்வுச் சட்டம், போரிலிருந்து மீண்ட வீரனின் கல்விக் கட்டணத்தை ஆண்டொன்றிற்கு 500 டொலர் வரை கல்வி நிறுவனத்திற்கே நேராகச் செலுத்தியது. பல இலட்சம் பேர் அதனாற் படித்துயர்ந்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும், வராத மாணவனை வந்தவனாகப் பதிந்தும், பயிற்சிச் செலவை மிகைப்படுத்திக் காட்டியும் பணம் பெற்ற நிறுவனங்கள், சிறப்பாக இலாப நோக்குடைய தொழிற் பள்ளிகள், பல இருந்தமை வெளிப்பட்டது. 1950 இற் காங்கிரசின் மக்கள் பிரதிநிதிகள் சபை, ஒலின் ரீக் என்பாரின் தலைமையில் ஒரு விசேட குழுவை நியமித்து இதனை விசாரித்தது. அதன் விளைவாக, 1952 இற் கொரியப் போர் வீரர்க்காக இயற்றப்பட்ட சட்டம் பணத்தை நிறுவனத்திற்கு வழங்காது வீரனின் கையிலேயே மாதந்தோறும் வழங்கியது. அறிக்கையை நம்ப இயலாதபோது, அறிக்கையிடுவோனை ஒதுக்கிவிட்டுப் பணத்தின் பாதையையே மாற்றியமைத்தமை அன்றைய தீர்வாயிற்று.

அதன்பின் மானியங்கள் பெருகின. ஒவ்வொரு மானியத்தையும் அதனை வழங்கிய திணைக்களமே தனித்தனியாகக் கணக்காய்ந்தமையால், ஒரே நிறுவனம் பலமுறை ஆராயப்படுவதும் வேறொரு நிறுவனம் ஒருமுறையேனும் ஆராயப்படாது விடப்படுவதும் நிகழ்ந்தன. இச்சீர்கேட்டை நீக்க 1984 இல் இயற்றப்பட்டதே ஒருமித்த கணக்காய்வுச் சட்டமாகும். முதலில் மாநில, உள்ளூர் அரசுகளுக்கே உரியதாயிருந்த இம்முறை 1990 இற் சுற்றறிக்கையொன்றின் மூலமும், 1996 இற் சட்டத் திருத்தத்தின் மூலமும் இலாப நோக்கற்ற கல்லூரிகளையும் தழுவிக்கொண்டது. ஓராண்டில் குறித்த தொகைக்கு மேற் சமஷ்டிப் பணத்தைச் செலவிடும் நிறுவனம் சுயாதீனமான கணக்காய்வுக்கு உட்படவேண்டும். கொரோனாக் காலத்தில் அத்தொகை 750,000 டொலராயிருந்தது. 2024 இற் செய்யப்பட்ட திருத்தம் அதனைப் பத்து இலட்சமாக உயர்த்தியது. நிதியறிக்கை சரியானதா என்பதை மட்டுமன்றி, பணத்தைப் பெற்ற நிறுவனம் தன்னைத்தானே கண்காணிக்கும் ஒழுங்குகளை, அதாவது உள்ளகக் கட்டுப்பாடுகளை, வைத்திருந்ததா என்பதையும் அக்கணக்காய்வு சோதிக்கின்றது. செலவிற் தவறொன்றும் இல்லாதபோதும், தவறு நேர்ந்தாற் கண்டுபிடிக்கும் ஒழுங்கு இல்லாமையே ஒரு குறைபாடாகும். பலர் விளங்கிக்கொள்ளத் தவறும் நுட்பம் இதுவேயாகும்.

எமது பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டிருந்த 2020 மார்ச் மாதத்தின் 27 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது பெரும் நிவாரணச் சட்டம் கையொப்பமிடப்பட்டது. அதன் 18004 ஆம் பிரிவு உயர்கல்விக்கென ஏறத்தாழ 1,400 கோடி டொலரை ஒதுக்கியது. அதன் பெரும் பகுதி, வறிய மாணவர்க்கான பெல் மானியம் பெறுவோரின் தொகைக்குக் கூடிய நிறை கொடுத்துக் கல்லூரிகளிடையே பகிரப்பட்டது. அவ்வாறு பெற்றதில் ஆகக்குறைந்தது அரைப்பங்கு மாணவர் கைக்கு நேரே சேரவேண்டும் என விதிக்கப்பட்டது. 2020 டிசெம்பர் 27 இல் இரண்டாவது சட்டம் ஏறத்தாழ 2,270 கோடியையும், 2021 மார்ச் 11 இல் மூன்றாவது சட்டம் ஏறத்தாழ 3,960 கோடியையும் சேர்த்தன. ஓராண்டுக்குள் மொத்தம் 7,600 கோடி டொலர். மாணவனின் வேலை நேரத்தைக் குறித்த 1934 ஆம் ஆண்டு முறையையோ, பணத்தை நேரே அரசு வழங்கிய 1952 ஆம் ஆண்டு முறையையோ இச்சட்டங்கள் பின்பற்றவில்லை. கல்லூரி ஓர் உறுதிப்பத்திரத்திற் கையொப்பமிட்டது, பணத்தைப் பெற்றது, எவருக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தானே தீர்மானித்தது. முன்கூட்டியே ஒப்புதல் பெறவேண்டிய கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதற்கு ஈடாக நின்றது அறிக்கை ஒன்றே.

அறிக்கையிடல் விதிகளோ நிலையாக இருக்கவில்லை. 2020 மே மாதத்தில் வெளிவந்த அறிவித்தல், மாணவர் பங்கு பற்றிய விபரங்களைப் பணம் பெற்று 30 நாளிலும் பின்னர் 45 நாளுக்கு ஒருமுறையும் கல்லூரியின் இணையத்தளத்தில் வெளியிடப் பணித்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் அது காலாண்டு முறையாக மாற்றப்பட்டது. நிறுவனத்தின் பங்கிற்கு வேறொரு படிவம். அதன் முதலாவது தவணை 2020 ஒக்டோபர் 30. அதன்பின் காலாண்டு முடிந்து பத்து நாளுக்குள். ஆண்டறிக்கை இவற்றிற்குப் புறம்பானது. உதவி பெறத் தகுதியுடைய மாணவர் யார் என்பதே ஓராண்டுக்கு மேலாகச் சர்ச்சைக்குரியதாயிருந்தது. முதலில் வழங்கப்பட்ட உறுதிப்பத்திரம், இம்மானியங்கள் வழமையான சமஷ்டி மாணவர் உதவியன்று என்றது; சில நாட்களில் வந்த விளக்கம் அவ்வுதவிக்குத் தகுதியுடையோரே இதனையும் பெறலாம் என்றது; கலிபோர்னியாவிலும் வாஷிங்ரன் மாநிலத்திலும் வழக்குகள் எழுந்தன; 2021 மே மாத இறுதி விதி வெளிநாட்டு மாணவரையும் ஆவணமற்றோரையும் உள்ளடக்கியது. மூன்று சட்டங்களின் கணிதமும் ஒன்றன்று. முதற் சட்டத்திலும் மூன்றாவதிலும் பொதுக் கல்லூரி அரைப்பங்கை மாணவருக்கு அளிக்கவேண்டும். இரண்டாவதில் முதற் சட்டத்தின்கீழ் அளிக்கவேண்டியிருந்த அதே தொகையை அளித்தாற் போதும். இலாப நோக்குடைய கல்லூரி பின்னைய இரண்டிலும் முழுவதையும் மாணவருக்கே அளிக்கவேண்டும். இவை யாவும் ஒரே பேரேட்டில், ஒரே காலத்தில், வீட்டிலிருந்தபடியே வேலை செய்த ஒரு சில எழுதுவினைஞரின் கையில் ஓடிக்கொண்டிருந்தன.

குறைபாடு எவ்வாறு தோன்றியது என்பதை விளக்க ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு சிறிய கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவு, காலாண்டு ஒன்றில் 400 பேருக்கு 500 டொலர் வீதம் மானியம் தீர்மானிக்கின்றது. அதன் பட்டியலில் உள்ள தொகை 200,000. அவற்றுள் 20 காசோலைகள் முகவரி மாறியமையாற் திரும்பி வருகின்றன. நிதிப் பிரிவின் பேரேடு 190,000 என்கின்றது. கல்வித் திணைக்களத்தின் மின்னியல் முறைமையிலிருந்து அக்காலாண்டிற் பெறப்பட்டதோ 250,000. எஞ்சிய 60,000 அடுத்த காலாண்டுக்கெனக் கையில் உள்ளது. இதுவே தனியொரு சிக்கலாகும். ஏனெனில் மாணவருக்கெனப் பெற்ற பணத்தை 15 நாளுக்குள் வழங்கவேண்டும் என இரண்டாவது சட்டத்தின் கீழான நிபந்தனை கூறிற்று. இனி, இணையத்தளத்தில் இடப்படவேண்டிய எண் எது? மூன்று எண்களுக்கும் நியாயமுண்டு, ஆயின் படிவம் வேண்டியது ஒன்றையே. படிவத்தை நிரப்பியவர் உதவிப் பிரிவின் பட்டியலைப் பார்த்து 200,000 என எழுதுகின்றார். பேரேட்டுடன் அதனை ஒப்பிட்டுக் கையொப்பமிட இரண்டாமவர் எவரும் இல்லை. இணையத்தளப் பொறுப்பாளர் அதனை இரு வாரம் பிந்தி, முந்திய காலாண்டின் அறிக்கையை அழித்துவிட்டு, அதன் இடத்திலேயே பதிவேற்றுகின்றார். ஒவ்வொரு காலாண்டறிக்கையும் தனித்தனியே பேணப்படவேண்டும் என்பது படிவத்தின் முகப்பிலேயே உள்ள அறிவுறுத்தல். ஒரு சதமேனும் களவுபோகவில்லை. எனினும், கணக்காய்வாளர் வரும்போது எண் பிழை, தவணை பிழை, பழைய அறிக்கையைக் காணவில்லை, சரிபார்த்தமைக்குச் சான்றில்லை.

கணக்காய்வாளரின் கண்டறிவுகள் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்தவை: முதலில் நியதி, பின்னர் நிலைமை, காரணம், விளைவு, பரிந்துரை, ஈற்றிற் கல்லூரியின் மறுமொழி. குறைபாடு கடுமையானதாயின் முக்கிய குறைபாடு எனவும், மிகக் கடுமையானதாயின் பொருண்மைப் பலவீனம் எனவும் தரப்படுத்தப்படும். அறிக்கையிடல் பற்றியனவற்றிற் பெரும்பாலும் வினவத்தக்க செலவு எதுவும் இல்லை என்றே குறிக்கப்பட்டிருக்கும். காரணம் என்ற பகுதியே எம்போன்றோர்க்குச் சுவையானது. அலுவலர் விலகிச் சென்றமை, வழிகாட்டல் மாறியமை, நிதிப் பிரிவுக்கும் உதவிப் பிரிவுக்கும் இடையே பொறுப்பு வரையறுக்கப்படாமை என அது கூறும். வறட்சியான அவ்வாசகங்களுக்குள் ஒரு கல்லூரியின் அந்த ஆண்டு முழுவதும் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

பணம் உரியவரைச் சேர்ந்தபின் தாமதமான அறிக்கையைப் பெரிதுபடுத்துதல் எழுதுவினைஞர் மனப்பான்மையே என்று வாதிடுவோர் உளர். அரசே தன் விதிகளைப் பலமுறை மாற்றிய நிலையிற் சிறிய கல்லூரிகளை மட்டும் குறைகூறல் நேர்மையன்று என்பதும் அவர்தம் வாதம். இரண்டாவதை நான் ஏற்கின்றேன். ஒருங்கிணைந்த ஒரே படிவம் முதல் நாளிலேயே இருந்திருப்பின் கண்டறிவுகளிற் பெரும்பங்கு எழுந்திராது. அது 2022 இலேயே வந்தது. முதலாவது வாதத்தை ஏற்றல் கடினம். பணம் உரியவரைச் சேர்ந்தது என்பது எமக்கு எவ்வாறு தெரியும்? இரண்டாவது, மூன்றாவது சட்டங்கள் மிகு தேவையுடைய மாணவருக்கு முதலிடம் அளிக்கப் பணித்தன. தங்குமிடம் இழந்த மாணவி ஒருத்தி, தன் கல்லூரி எத்தனை பேருக்கு, எம்முறையில், எவ்வளவு வழங்கிற்று என்பதை அறிந்து தனக்கேன் கிடைக்கவில்லை என்று கேட்பதற்கு இருந்த வாயில் அந்த இணையப் பக்கமேயாகும். அது இரு வாரம் பிந்துமாயின், ஒரு மாத வாடகைக்கு வழியற்றவளுக்கு அவ்விரு வாரம் சிறியதன்று. பிழையான எண் அவளுக்கு மட்டுமன்றி, நாடளாவிய கூட்டுத்தொகையை அவ்வெண்களிலிருந்து கணிக்கும் ஆய்வாளனுக்கும் வழிமறிப்பாகும்.

இன்னொன்றையும் குறிப்பிடல் தகும். பெருஞ் செல்வமுடைய ஹாவார்ட் பல்கலைக்கழகம், தனக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 86 இலட்சம் டொலரை 2020 ஏப்ரிலில் வேண்டாமென மறுத்தது நாளிதழ்களில் முதற்பக்கச் செய்தியாயிற்று. அம்மறுப்பு நாடறிந்தது. அதே காலத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் நிறுவனங்கள் பணத்தைப் பெற்றுச் செலவிட்ட செய்தியோ காலாண்டுப் படிவங்களிலேயே தங்கிற்று.

பெரும்பாலான கல்லூரிகளுக்குச் செலவிடும் காலம் 2023 யூன் 30 உடன் முடிவடைந்தது. சமஷ்டி மானிய விதிகளின்படி, இறுதிச் செலவறிக்கை சமர்ப்பித்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்கே பொதுவாக ஆவணங்களைப் பேணும் கடமை உண்டு. அதன்பின் காசோலைப் பட்டியலையும் ஒப்பீட்டுத் தாள்களையும் வைத்திருப்பதும் அழிப்பதும் அவ்வக் கல்லூரியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஒருமித்த கணக்காய்வறிக்கைகள் மட்டும் சமஷ்டிக் கணக்காய்வுக் களஞ்சியத்திற் சேர்க்கப்பட்டு, எவரும் பார்வையிடத்தக்கனவாயுள்ளன. ஆகவே, எழுதப்படாத அறிக்கையைப் பற்றியும் சரிபார்க்கப்படாத எண்ணைப் பற்றியும் கணக்காய்வாளர் எழுதிய ஒன்றிரண்டு பக்கங்களே பல சிறிய கல்லூரிகளின் அவசரகால நிதியைப் பற்றி வருங்கால ஆய்வாளனுக்கு எஞ்சக்கூடும்.